முதுகு தேய்க்கச் சொன்னாங்க

கொழந்தைக்கு எத்தனை மாசமாகுதுங்க? எட்டு முடிஞ்சு ஒம்பதா? அட, எம்பட பேரனுக்கும் அதே வயசுதானுங்க. குடுங்க தம்பி, சித்த நேரம் நான் வெச்சிருக்கறேன். அம்மிணி காட்பாடியில ரயிலேறுனதுல இருந்து மடியில வெச்சுட்டு உக்காந்திருக்குது, கால் மரத்துப் போயிருக்கும். வாடா சாமி. பாருங்க, பழகுன ஆளாட்ட வந்துட்டான். யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு கொழந்தைகளுக்குத் தெரிஞ்சுருமுங்க.

நான் கோயமுத்தூருங்க. பேரு மயில்சாமி. கணபதியில முப்பத்தெட்டு வருசமா லேத்துப் பட்டறை வெச்சிருக்கறேன். இப்ப ஜப்பான்ல இருந்து வர்றனுங்க. நெசமாத்தான். இந்த வேட்டி சட்டையோடதான் போனேன். பேரனைப் பாக்கப் போனேன், பாக்காமத் திரும்பி வர்றேன். ரெண்டு விமானம் மாறி அத்தனை தூரம் போயி, ஒரே ஒரு ராத்திரி தங்கி, பேரன் மொகத்தைக் கூடப் பாக்காம வர்றேன். எதுக்குன்னு கேளுங்க. ஒரு அடிக்கு. ஒரே ஒரு அடிங்க தம்பி.

நான் சும்மா கை நீட்டற ஆளில்லீங்க. பட்டறையில எங்கிட்ட வேலை கத்துட்டவன் எவனை வேணாலும் கேட்டுப் பாருங்க. காரணமில்லாம ஒரு அடி விழுந்திருக்காது. இப்பக்கூட மெட்ராஸ் ஸ்டேசன்ல போர்ட்டருக்கு ரெண்டு வெச்சேன். எதுக்கு வெச்சேன்? பெட்டியத் தொப்புன்னு கீழ போட்டான். அதுக்குள்ள பேரனுக்கு வாங்குன வெள்ளி அரணாக்கொடி இருக்குதுங்க. ஒடைஞ்சிருந்தா? கேட்டா மொறைக்கறான். அதான் வெச்சேன். பக்கத்துல இருந்தவங்கதான் என்னமோ கொலை நடந்தாப்பல என்னையப் புடிச்சு இழுத்தாங்க.

எனக்கு ஒரே பையனுங்க, நந்தகுமாரு. பதினோரு வருசமா ஜப்பான்ல இருக்கறான். மெசின் டிசைன் வேலை. அந்தப் புத்தி எங்க இருந்து வந்துது? எம்பட பட்டறையில இருந்து வந்துது. ஆனா அவன் அதைச் சொல்ல மாட்டான். எங்கூட்டுக்காரி ருக்குமணி செத்தப்ப வந்தான், கொள்ளி வெச்சான், மூணாம் நாளு கிளம்பீட்டான். பேரன் பொறந்ததைக்கூட போட்டோ அனுப்பித்தான் சொன்னான். பொங்கலுக்கு ஒரு நிமிசம் போன்ல காட்டுனான். சிரிக்கறான் தம்பி, அந்தப் பேரன், எங்கப்பாவாட்டவே ஒரு கன்னத்துல மட்டும் குழி விழுகுது. அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. அவனை ஒரு தடவை தூக்கிக்கோணும், அரணாக்கொடிய என் கையால கட்டோணும். வேற ஆசை ஒண்ணும் எனக்கில்லை.

ரெண்டு மாசம் முன்னாடி அவனே கூப்புட்டான். டிக்கெட் அனுப்பறேன், வாங்கப்பான்னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. போயி எறங்குனா பையன் மட்டும் நிக்கறான். கொழந்தை எங்கடான்னேன். இன்னிக்கு வீட்டுக்குப் போகலைப்பா, நீங்களும் நானும் ஒரு ராத்திரி ஒரு சத்திரத்துல தங்கறோம், நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போலாம், சுகந்திகிட்ட அப்படித்தான் பேசி வெச்சிருக்கறேன்னான். சுகந்தி எம்பட மருமக. அவ உத்தரவு குடுத்தாத்தான் நான் பேரனைப் பாக்கோணுமாட்ட இருக்குது. பெத்தவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம சத்திரத்துல தங்க வைக்கறவன் என்ன பையன்? அங்கயே ஒண்ணு விட்டிருப்பேன். போலீஸ்காரன் பக்கத்துல நின்னான். அடக்கிக்கிட்டேன்.

சத்திரம்னா நம்மூரு மாதிரி நெனைக்காதீங்க. மலைக்கு மேல, பூராவும் மரத்துல கட்டுனது. நூத்தம்பது வருசத்துக் கட்டடம்னான். தரையெல்லாம் கோரைப்பாய் மாதிரி ஒண்ணு அடிச்சிருக்குது. கதவு பேப்பருங்க. வெறும் பேப்பரு. ஒரு குத்து விட்டா கை அந்தப் பக்கம் போயிரும். ஒரு ரூம்ல இருமுனா நாலு ரூமுக்குக் கேக்குது. இதுல எப்படிக் குடும்பம் நடத்தறாங்க, கோவம் வந்தா எங்க போயிக் கத்துவாங்கன்னு கேட்டேன். செருப்பை வாசல்ல விடோணும். உள்ள ஒரு செருப்பு. கக்கூசுக்குத் தனிச் செருப்பு. நான் மறந்து அதைப் போட்டுட்டே பாய் மேல வந்துட்டேன். வேலைக்காரப் புள்ளைக ரெண்டும் வாயைப் பொத்திட்டு நின்னுச்சுக. நந்தகுமாரு ஓடி வந்து எங்கால்ல இருந்து அதைக் கழட்டறான். சின்ன வயசுல இந்த மரியாதை இல்லை, இப்பவாச்சும் வந்துதேன்னு நெனைச்சேன்.

அங்க போனா நம்ம துணியக் கழட்டிட்டு அவங்க குடுக்கற நீளச் சட்டையப் போட்டுக்கோணுமுங்க. பொத்தானில்லை, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சு இடுப்புல நாடா கட்டறது. நான் கட்டிட்டு வெளிய வந்தேன். அந்த வீட்டம்மா, அறுபது வயசிருக்கும், என்னையப் பாத்ததும் பதறிப் போயி ஓடி வந்து எம்பட நாடாவ அவுக்குதுங்க. நான் என்னன்னு நெனைப்பேன்? ஒரு தள்ளுத் தள்ளுனேன். போயி மரத்தூண்ல இடிச்சுட்டு நின்னுது. பலமா ஒண்ணுமில்லீங்க. அதுக்கும் அந்தம்மா குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுது. அப்பறம் பையன் சொல்றான், வலப்பக்கம் மேல வர்றாப்பல மடிச்சாச் செத்தவங்களுக்குக் கட்டறதாமா. உசுரோட இருக்கறவங்க இடப்பக்கத்தைத்தான் மேல போடோணுமாமா. உங்களுக்கு ஆகாதுன்னுதான் மாத்திக் கட்ட வந்தாங்கப்பான்னான். அதை மொதல்லயே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல? சரி, கட்டுன்னு நின்னேன். அந்தம்மா ஒரு எட்டுத் தள்ளியே நின்னு, கைய மட்டும் நீட்டிக் கட்டிவிட்டுது.

ஒரு நிமிசம் தம்பி. ஏய், டீ. இங்க வா. காது கேக்குதா இல்லையா? கூப்பிடக் கூப்பிடப் போறான் பாருங்க. எந்திரிச்சேன்னா தெரியும். சரி விடுங்க.

எங்க விட்டேன்? குளியல். அங்க பூமிக்கடியில இருந்து சுடுதண்ணி வருது. அந்தத் தொட்டியில ஆம்பளைக எல்லாரும் ஒண்ணாக் குளிக்கறாங்க, அம்மணமா. அம்மிணி அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும், நடந்ததைத்தான் சொல்றேன். நான் அண்டர்வேரோட போனேன். ஆகாதுன்னுட்டாங்க. அறுபத்தஞ்சு வயசுல ஊர் பேர் தெரியாதவன் முன்னாடி அதையும் கழட்டி வெச்சுட்டு, ஒரு முழங்கை நீளத் துணிய முன்னாடி புடிச்சுட்டு நிக்கறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடி ஒரு குட்டி முக்காலியில உக்காந்து, மரவாளியில தண்ணி மொண்டு ஊத்திச் சோப்புப் போட்டுக் குளிச்சுக்கோணும்.

அவத்த, தொட்டிக்கிட்ட, ஒரு கெழவனும் அவம்பையனும் இருந்தாங்க. பையனுக்கே அம்பது வயசிருக்கும். அப்பன் முதுகைப் பையன் தேய்க்கறான், பையன் முதுகை அப்பன் தேய்க்கறான். அது அவங்க பழக்கமாமா. கெழவன் எங்களைப் பாத்தான், அப்பனும் மகனும்னு தெரிஞ்சுக்கிட்டான். சிரிச்சுட்டு ஒரு துண்டை எங்கிட்ட நீட்டறான், பையன் முதுகைத் தேய்ச்சு விடுன்னு கையக் காட்டறான்.

நந்தகுமாரு வேண்டாங்கலை. முக்காலிய இழுத்துப் போட்டு எனக்கு முதுகு காட்டி உக்காந்தான். எனக்கு அப்பறந்தான் தோணுச்சு, இதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்திருக்கறான்னு. ஏன்னா அவன் முதுகுல கொஞ்சம் தழும்பு இருக்குதுங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. லேத்துல ஓடுற வி-பெல்ட் தெரியுமல்லங்க, உள்பக்கம் கூம்பாட்ட இருக்கும். பழைய பெல்ட் ஒண்ணு சுவத்துல ஆணியில தொங்கும். அது பட்டா ரெண்டு கோடு ஒண்ணா விழுகும், ரயில் தண்டவாளமாட்ட. அவன் முதுகு பூராவும் அந்தக் கோடுதான். தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் வந்துது. என் ஞாபகசக்தி அப்படிங்க. தோள்பட்டையில இருக்கறது ஏழாவதுல கணக்குல பெயிலானதுக்கு. நடுவுல நீளமா இருக்கறது பட்டறைச் சாவியத் தொலைச்சதுக்கு. இடுப்புக்கு மேல வட்டமா ஒண்ணு, அது பெல்ட்டில்லீங்க, அன்னிக்குக் கையில சூடான இரும்புதான் கெடைச்சுது. அவங்கம்மாகிட்ட என்னைய எதுத்துப் பேசுனான். சும்மா பயமுறுத்தத்தான் நீட்டுனேன், அவன்தான் அசைஞ்சுட்டான். ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டு அவனுக்குச் சொன்னேன். பாரு, இதெல்லாம் இல்லைன்னா நீ ஜப்பான்ல இருப்பியாடான்னேன். அவன் திரும்பவே இல்லை. முதுகு மட்டும் இப்படி இப்படி ஆடுது. தண்ணி சூட்டுக்குன்னு நெனைச்சேன்.

பசிக்குதுங்களா கொழந்தைக்கு? சரி சரி, குடுக்கறேன், வாங்கிக்கச் சொல்லுங்க. நல்லாத்தானே எம்மடியில இருந்தான். அம்மிணிக்குத் தெரியாததா.

அப்பத்தான் அந்தக் கெழவன் பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு அவங்க பாசையில எம்பையன்கிட்ட என்னமோ கேட்டான். எம்பையன் ரெண்டே ரெண்டு வார்த்தை சொன்னான். கெழவன் ரெண்டடி பின்னால போனான். அப்பறம் எம்பையனைப் பாத்து நல்லாக் குனிஞ்சு கும்பிட்டான். அவம்பையனும் கும்பிட்டான். ரெண்டு பேரும் தொட்டியிலயே எறங்காம வெளிய போயிட்டாங்க. எனக்கு ஒரு கும்பிடு கெடையாது. நானும் ஒரு பெரிய மனுசன் அங்க உக்காந்திருக்கறேன்.

என்னடா சொன்னேன்னு கேட்டேன். எங்கப்பா பண்ணுனதுன்னு சொன்னேன்னான். அதோட விட்டானா? திரும்பி உக்காந்து கேக்கறான் தம்பி, முதுகைத் தேய்க்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாப்பா, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்குக் கொழந்தைய உங்க கையில குடுக்கறேன்னு. வார்த்தைய வித்து நான் பேரனை வாங்கோணுமா? ஊரு பேரு தெரியாத எடத்துல என்னைய அம்மணமா உக்கார வெச்சு, எவனோ ஒரு கெழவன் முன்னாடி அசிங்கப்படுத்திட்டு, பெத்தவன்கிட்டக் கணக்குக் கேக்கறானா? எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. மரவாளி கையில இருந்துது. விட்டேன்.

காதுக்கு மேலதான். ஒரே அடி. அவன் கைய மேல தூக்குனானுங்களா, அதனால ரெண்டாவது அடி கையில பட்டுது. அதைக் கணக்குல சேக்க முடியாது, அவன் கைய வெக்கலைன்னா அது பட்டிருக்காதல்ல? வாளி ஒடைஞ்சுது. வெரல் ரெண்டு ஒடைஞ்சுதுன்னு அப்பறந்தான் சொன்னாங்க. கல்லுத் தரையில ரத்தம் தண்ணியோட சேந்து ஓடுது. மொத்தமாப் பாத்தா நெறையாட்டத் தெரியும், ஆனா தண்ணிதானுங்க பாதி. அப்பறம் அவன் எந்திரிச்சான். என்னைய விட ஒரு சாண் ஒசரம். எம்பட மணிக்கட்டைப் புடிச்சான். அடிப்பான்னு பாத்தேன். அடிச்சிருந்தா எம்மனசு ஆறியிருக்கும், அப்பனும் மகனும் சண்டை போட்டோம்னு போயிருக்கும். அவன் அடிக்கலை. கையில இருந்து வாளிப்பிடிய மெதுவா உருவி ஓரமா வெச்சுட்டு, துணியக் கட்டிக்குங்கப்பா, ஆளுக வருவாங்கன்னான்.

வந்தாங்க. ஒருத்தரும் கத்தலீங்க. நம்மூரா இருந்தா தெருவே கூடியிருக்கும். அந்தம்மா ரத்தத்துலயே முட்டி போட்டு உக்காந்து வெள்ளைத் துண்டை வெச்சு அழுத்திப் புடிச்சுக்குச்சு. ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் தைச்சுட்டே எம்பையனை என்னமோ கேட்டான், என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் போயி உக்காந்து என்னடா கேக்கறான்னேன். எப்படி ஆச்சுன்னு கேக்கறாரு, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்னான். பாத்தீங்களா? ரத்தம் ரத்தந்தான். எங்க ருக்குமணியும் அப்படித்தானுங்க. ஒருக்கா கை ஒடைஞ்சப்ப, ஒருக்கா இந்தத் தாவாக்கட்டை விலகுனப்ப, டாக்டர் எத்தனை நோண்டிக் கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லுவா. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னதில்லை. அவ வளத்த பையனல்ல.

அதுக்கப்பறம் என்னைய அவங்க கவனிச்ச கவனிப்பு இருக்குதே, அதைச் சொல்லியே ஆகோணும். என்னையத் தனி ரூமுக்கு மாத்துனாங்க, இன்னும் பெரிய ரூம். கீழ மெத்தை போட்டு, வெள்ளைப் போர்வை விரிச்சு வெச்சாங்க. அதுக்கு முன்னாடி ரூம்ல இருந்த பூச்சாடி, இரும்புக் கெண்டி, கண்ணாடித் தம்ளரு, குட்டி மேசை, ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டாங்க. அத்தனை சுத்தம் அவங்களுக்கு. ஒரு தூசி கூட மிச்சமில்லை. சோறுகூட மரக்கிண்ணத்துல கஞ்சியா வந்துது, கூட ஒரு மரக்கரண்டி. வயசானவனுக்கு எது ஒத்துக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறாங்க. கதவுக்கு வெளிய வாட்டசாட்டமா ஒரு ஆளு விடிய விடிய முட்டி போட்டு உக்காந்திருந்தான். நான் பொரண்டு படுத்தாக்கூட அவன் நெழலு பேப்பர்க் கதவுல நிமிருது. கூப்பிட்ட கொரலுக்கு ஓடி வர்றதுக்காக ஒருத்தனைப் போட்டிருந்தாங்க. நம்மூர்ல எந்த லாட்ஜ்ல பண்ணுவான் இதை?

காலையில அந்தச் சட்டையக் கட்டிட்டு வெளிய வந்தேன். மறந்து மறுபடியும் வலப்பக்கத்தை மேல போட்டுட்டனாட்ட இருக்குது. எனக்கே அப்பறந்தான் கண்ணாடியில தெரிஞ்சுது. அந்தம்மா எதுத்தாப்பல வந்துது, மேலயிருந்து கீழ பாத்துது, குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிருச்சு. எம்பையனும் பாத்தான். தலையில கட்டு, கையில கட்டு, பாத்துட்டு நின்னானே ஒழிய ஒண்ணும் சொல்லலை. வேலை மும்முரத்துல மறந்துட்டாங்களாட்ட இருக்குது.

கார்ல ஏறும்போது வீட்டுக்குத்தானேடான்னு கேட்டேன். கெளம்பும்போது பாக்கோணுமே தம்பி, சத்திரத்து ஆளுக அத்தனை பேரும் வரிசையா நின்னு, கார் மறையற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரலீங்க. கலியாண மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கெடைக்காது. நான் கண்ணாடிய எறக்கிக் கையாட்டுனேன். கார் கீழ எறங்கி ஏர்போர்ட்டு ரோட்டுல திரும்புச்சு. எனக்கு அவங்க எழுத்துப் படிக்கத் தெரியாட்டியும் விமானப் படம் போட்ட போர்டு தெரியுமல்ல? வண்டிய நிறுத்துடான்னேன். நிறுத்தலை. கதவைக் குத்துனேன், சீட்டைக் குத்துனேன். அரணாக்கொடிய எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டுனேன். என் கையால ஒரே ஒரு தடவை கட்டிவிட்டுட்டுப் போயிடறேன்டான்னேன். அழுதேன் தம்பி. பொய்யில்லை, அழுதேன்.

எறங்கும்போதுதான் அவன் வாயைத் தொறந்தான். "அம்மா டாக்டர்கிட்டச் சொன்னதையே நேத்து நானும் சொல்லிட்டேன். அவனும் அதைச் சொல்லக் கூடாதுப்பா."

எனக்கு இன்னும் வெளங்கலீங்க. எட்டு மாசக் கொழந்தை. அது எந்த டாக்டர்கிட்டப் போயி என்னத்தைச் சொல்லும்? பேச்சே வரலை அதுக்கு. அடிபட்டதுல இவனுக்கு மூளை கலங்கிருச்சான்னுகூட யோசிச்சேன். விமானத்துல பூராவும் யோசிச்சுட்டே வந்தேன். எல்லாம் அந்த மருமக சொல்லிக் குடுத்த பேச்சு. நாலு நாள் எங்கூட்டுல இருந்திருந்தா நான் அவளை...

டேய், டேய். அம்மா மடியில இருந்துட்டே எட்டிப் புடிக்கறயா? மூக்குக் கண்ணாடிய விடு. உடுடா. ஸ்.

அட, என்னங்க அம்மிணி, லேசாத்தானே தட்டுனேன்? வெரல்ல ஒரு தட்டு. கண்ணாடிய இழுத்து வளைச்சுட்டான் பாருங்க. இந்த வயசுலயே சொல்லி வெச்சாத்தான் அடங்குவாங்க. அழட்டும், அழட்டும், அழுதா நுரையீரலுக்கு நல்லது. சிவப்பெல்லாம் உடனே போயிரும். எங்க நந்தகுமாரும் இப்படித்தான் மொதல்ல வீல்னு கத்துவான். அப்பறம் கத்தறதை நிறுத்திட்டான். நல்லாப் பழகிட்டான்.

ஏனுங்க தம்பி, பையெல்லாம் எடுக்கறீங்க? திருப்பூருன்னு தானே சொன்னீங்க? இது ஈரோடுங்க. திருப்பூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. உக்காருங்க. கூட்டமா இருக்குது, கொழந்தைய வெச்சுட்டு எங்க போயி நிப்பீங்க?

அம்மிணி. அம்மிணி, ஒரு நிமிசம். கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, இந்த அரணாக்கொடிதான். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், தொடக்கூட மாட்டேன். நீங்களே கட்டிக் காட்டுங்க. ஒம்பது மாசத்துக்கு அளவு சரியா இருக்குதான்னு மட்டும் பாத்துட்டுக் குடுத்துருங்க.